புரட்டாசித் தட்டான்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் ஊருக்கு வரும் டவுன் பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரியும். மற்றவர்களிடம் இடமில்லை என்று சொல்கிறவர், நான் ஏறினால் யாரையாவது எழுப்பிவிட்டு உட்காரச் சொல்வார். வந்த வேகத்தில் போய்விடும், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள் என்று என் அம்மா வீட்டில் இதைப் பெருமையாகவே சொல்வார்கள். கோபம் போய்விடும், சரிதான். அது வந்துபோன இடத்தில் என்ன கிடக்கிறது என்று நான் திரும்பிப் பார்த்ததே இல்லை, தொண்ணூறுகளின் கடைசியில் வந்த ஒரு மழைக்காலம் வரைக்கும்.

சித்தையன்கோட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்கள் தோப்பு. என் வீட்டுக்காரருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பக்கத்துப் பக்கத்தில் தென்னை, பொதுவில் ஒரு கிணறு, நடுச்சுவரைப் பங்கு போட்ட இரண்டு வீடுகள். அண்ணன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பத்து நாள் ஊரில் இருந்தால் அதிகம். அதனால் அந்த வீடு என்றால் எனக்கு அவர் மனைவிதான், என் ஓரகத்தி. அக்கா என்று கூப்பிடுவேன். நான் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அடுப்புதான் இரண்டு, வெஞ்சனம் ஒன்று. அவள் குழம்பு பின்வாசல் வழியாக இங்கே வரும், என் பொரியல் அங்கே போகும். எனக்கு இரண்டும் பையன்கள். அக்காவின் ஒரே மகளுக்குப் பேன் பார்த்துச் சடை பின்னி வளர்த்தது நான். அந்த வருஷம் சேவுகம்பட்டியில் மாப்பிள்ளை பேசி, தை மாதத்தில் கல்யாணம் என்று முடித்திருந்தோம். "முகூர்த்தச் சேலையைச் சித்திதான் கட்டிவிடணும்" என்று அந்தப் பெண் வெற்றிலை பாக்கு மாற்றிய அன்றே சொல்லிவிட்டாள்.

தோப்பின் ஓரத்தில், செங்கல் காளவாசலுக்கு மண் எடுத்த பள்ளம் ஒன்று எங்கள் பங்கில் சும்மா கிடந்தது. அதில் மீன் வளர்க்கலாம் என்ற யோசனை என்னுடையது. மீன்குஞ்சு விற்கிற இடத்தில் போய் விசாரித்தோம். "மழைத்தண்ணி நின்னதும் ஒரு வாரத்துக்குள்ள குஞ்ச விட்ருங்க. தண்ணியச் சும்மா போட்டு வைக்காதீங்க" என்றார் அங்கிருந்தவர். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

புரட்டாசி பிறந்து மூன்றாம் நாளே மழை கொட்டிவிட்டது. ஒரே ராத்திரியில் பள்ளத்தில் நெஞ்சளவு தண்ணீர். அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு என்னோடு வந்து பார்த்தாள்.

"தண்ணிதான் நின்னுருச்சுல்ல. நாளைக்கே போயி குஞ்சு வாங்கியாந்து விட்டுருடி."

"புரட்டாசியிலயா? நல்லாருக்கே கதை!"

எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்க மீன், கறி, முட்டை எதுவும் கிடையாது. சனிக்கிழமை தவறாமல் தாடிக்கொம்புப் பெருமாளைப் பார்த்துவிட்டு வந்துதான் வாயில் தண்ணீர் ஊற்றுவேன். மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துப் பரணில் ஏற்றிவிட்டால் ஐப்பசியில்தான் இறக்குவது. இதில் ஆயிரக்கணக்கில் மீனை உயிரோடு வாங்கிக்கொண்டு வருவதாவது!

"திங்கவாடி போற? வளக்கத்தான போற. பெருமாளே மீனா வந்தவருதான்."

"அந்தப் பேச்செல்லாம் வேணாம்க்கா. ஐப்பசி பொறக்கட்டும்."

மழை நின்ற நாலாம் நாள் தட்டான்கள் வந்தன. எங்கிருந்து வந்தன என்று தெரியாது, தோப்பு முழுக்கப் பொன்னிறமாகப் பறந்துகொண்டிருந்தன. தண்ணீருக்கு மேலே ஒன்றன் பின் ஒன்றாகச் சுற்றின. சில ஜோடியாக ஒட்டிக்கொண்டே பறந்தன. திடீரென்று இறங்கி வால் நுனியால் தண்ணீரை ஒரு தட்டுத் தட்டும், எழும்பும், மறுபடியும் தட்டும். "வாலால தண்ணி குடிக்குதும்மா" என்றான் சின்னவன். இருக்கும் என்று நானும் நினைத்தேன். தட்டான் தாழப் பறந்தால் மழை என்பார்கள். இத்தனை தட்டான் நம் தண்ணீரைத் தேடி வந்திருக்கிறது என்றால் அதைவிட நல்ல சகுனம் வேறென்ன? வாலில் நூல் கட்டக் கிளம்பிய இரண்டு பையன்களின் முதுகிலும் ஆளுக்கு ஒன்று வைத்தேன். "பெருமாள் மாசத்துல வந்த ஜீவன்டா, தொடாதீங்க" என்றேன். இதை இப்போது எழுதும்போதுகூட எனக்கு முகம் சுடுகிறது.

ஐப்பசி முதல் தேதி குஞ்சுகள் வந்தன. காற்றடைத்து வாய் கட்டிய பிளாஸ்டிக் பைகளில், சீரகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, கண் மட்டும் கறுப்பாக. பைகளைச் செத்த நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, பிறகு வாயை அவிழ்த்துச் சாய்த்தோம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அக்காவும் கும்பிட்டாள்.

காலையிலும் மாலையிலும் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் தூவுவது என் வேலை. முதல் வாரம் கரையோரம் நிழல் நகர்வது போலக் கூட்டமாக வந்தன. அடுத்த வாரம் அங்கொன்றும் இங்கொன்றுமாக. இருபதாம் நாள் தவிடு தூவிய இடத்திலேயே மிதந்துகொண்டு கிடந்தது, ஒரு குஞ்சுகூட வாயைத் தூக்கவில்லை. செத்திருந்தால் மிதக்க வேண்டும். ஒன்றுகூட மிதக்கவில்லை. கொக்கு வந்தால் எங்கள் நாய் சும்மா விடாது. தண்ணீர்ப் பாம்பு அம்புட்டையுமா தின்னும்?

இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியான வேளையில், தென்னை மறைவிலிருந்து அதைப் பார்த்தேன். அக்காவும் மகளும் ஒரு பழைய சேலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குட்டைக்குள் இறக்கி அரித்துக்கொண்டிருந்தார்கள். சேலையைத் தூக்கி எதையோ வாளியில் கொட்டினார்கள். மறுபடியும் இறக்கினார்கள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்க்காமல் விறுவிறுவென்று வீட்டுக்குப் போனார்கள்.

தெருவில் கோழி குறுக்கே வந்தாலே கத்துகிறவள் நான். அன்று எனக்குச் சத்தம் வரவில்லை. அதிர்ச்சி என்றால் உடம்பு நடுங்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை, உடம்பு ஜில்லென்று ஆகிவிட்டது, புத்தி மட்டும் மளமளவென்று ஓடியது. சேவுகம்பட்டிச் சம்பந்தி வீட்டார் கண்மாய்க் குத்தகை எடுத்து மீன் வளர்க்கிறவர்கள். மகள் போகிற வீட்டுக்கு இங்கிருந்து குஞ்சு போகிறது. அதனால்தான் அன்றைக்கு நாளைக்கே விடு, நாளைக்கே விடு என்று அவசரப்படுத்தினாள். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்தே விட்டார்.

"மதினியா? போடி. எதுன்னாலும் ஒரு வார்த்த கேட்டுட்டுப் பேசு."

"கேட்டா ஆமான்னா சொல்லப் போறா? சூடம் அணைக்கச் சொல்லுங்க."

அவர் சிரிப்பை நிறுத்தினார். எங்கள் பக்கம் இது விளையாட்டில்லை. கருப்பசாமி முன்னால் சூடத்தைக் கொளுத்தி, பழி சுமந்தவர் நான் செய்யவில்லை என்று சொல்லி அதை உள்ளங்கையால் அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் குற்றம் இல்லை. ஆனால் கேட்ட வீடும் அணைத்த வீடும் அதற்குப் பிறகு ஒருவர் கையால் ஒருவர் தண்ணீர் குடிக்கக் கூடாது, நல்லது கெட்டதில் கலந்துகொள்ளக் கூடாது. கேட்டவர் தன் தப்பை அதே இடத்தில் ஊரறிய ஒத்துக்கொண்டால்தான் அது தீரும். பல வீடுகளில் அது தீர்ந்ததே இல்லை.

"கல்யாணத்த வச்சுக்கிட்டு வேணாம்டி" என்றார். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. எனக்குக் காது கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அக்கா குளித்துவிட்டு ஈரத்தலையோடு கருப்பசாமி கோயிலுக்கு வந்தாள். மகள் பின்னால் நின்றாள். அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். சூடத்தைக் கொளுத்தி வைத்தது நான்.

"எதுக்குன்னு வாயத் தொறந்து சொல்லு" என்றாள்.

"குட்டையில விட்ட குஞ்ச எடுக்கலன்னு."

"நான் ஒரு குஞ்சுகூட எடுக்கல, சாமி."

சொல்லி முடிப்பதற்குள் உள்ளங்கையை வைத்து அழுத்திவிட்டாள். பட்டென்று தட்டிவிட்டுக் கையை எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவள் எடுக்கவில்லை. சூடம் கருகி, வாசனை மாறும்வரை அப்படியே வைத்திருந்தாள். அழுவாள், சண்டை பிடிப்பாள், இந்தா வாங்கிக்க என்று மண்ணை வாரி இறைப்பாள், அதன் பிறகு நான் ஜெயித்துவிடுவேன் என்றல்லவா வந்திருந்தேன்? அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்து ஊதிக்கொண்டே போனாள். சித்தி என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் பின்வாசல் கதவை அந்தப் பக்கத்திலிருந்து தாழ்போடுகிற சத்தம் கேட்டது. அந்தக் கதவுக்குத் தாழ் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

ஒரு வாரம் கழித்து, மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம் என்று வீட்டுக்காரர் குட்டையில் மோட்டார் வைத்துத் தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பினார். இரண்டு நாள் இறைத்தபின் முழங்கால் அளவு கலங்கல்தான் மிஞ்சியது. பழைய கொசுவலையை இரண்டு பேரும் பிடித்து இழுத்தோம். கரையில் கொட்டியதும் நான் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். சேற்று நிறத்தில் பூச்சிகள். விரல் கணு அளவு, ஆறு கால், முட்டைக் கண், முதுகில் முளைக்கலாமா வேண்டாமா என்று நிற்கும் சிறகு மொட்டு. கரப்பானுக்கும் சிலந்திக்கும் பிறந்தது போல ஒன்றின் மேல் ஒன்று நெளிந்தன. அத்தனைக்கும் நடுவில் உயிரோடு இருந்தவை ஏழெட்டு மீன்குஞ்சுகள்.

குஞ்சுகளைப் பொறுக்கி ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் ஊற்றிப் போட்டேன். கூடவே இரண்டு மூன்று பூச்சிகளும் விழுந்துவிட்டன. எடுத்து எறியலாம் என்று குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

ஒரு பூச்சி அடியில் அசையாமல் கிடந்தது. குஞ்சு ஒன்று அதன் முன்னால் போனது. பூச்சி நகரவில்லை. அதன் தாடை மட்டும் கழன்று, மடித்து வைத்திருந்த கை நீள்வது போல முன்னால் பாய்ந்தது. கண் மூடித் திறப்பதற்குள் குஞ்சு அதன் வாயில் இருந்தது. வால் மட்டும் துடித்தது, பிறகு அதுவும் இல்லை. தலை, முள், வால் எதுவும் மிச்சமில்லை. மிதப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

"என்னங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் தோப்பில் இருந்த காக்காய் எல்லாம் கிளம்பியது. அவர் வந்து பார்த்தார். அடுத்த குஞ்சும் எங்கள் கண்முன்னால் போயிற்று. என்னை அப்போதே நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிழைத்த குஞ்சுகளைத் தனியாக எடுத்துவிட்டு, பூச்சிகளைப் பேசினோடு கொல்லையில் கொண்டுவந்து வைத்தேன். பேசினில் கிடந்த தூசியைத் தள்ள விளக்குமாற்றை அதில் விட்டவள் அப்படியே விட்டுவிட்டேன். மறுநாள் விடிந்து வாசல் தெளிக்கத் தண்ணீர் மொள்ளப் போனபோது, ஈர்க்குகளில் அந்தப் பூச்சிகள் தண்ணீரை விட்டு மேலே ஏறித் தொத்திக்கொண்டிருந்தன. செத்துவிட்டன என்று நினைத்தேன். தொட்டுப் பார்த்தால் வெறும் கூடு, முதுகு பிளந்து கிடந்தது. அதற்குப் பக்கத்து ஈர்க்கில் ஒன்று அப்போதுதான் பிளந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து வெளிறிய தலை ஒன்று வந்தது, பிறகு நெஞ்சு, கால்கள். தலைகீழாகச் செத்த நேரம் தொங்கியது, எக்கி நிமிர்ந்து வாலை உருவிக்கொண்டது. கசங்கிய துணி போலிருந்த சிறகு மெல்ல மெல்ல விரிந்தது. வெயில் ஏறியதும் அது பொன்னிறமானது.

தட்டான்.

கையிலிருந்த வாளி நழுவி என் காலிலேயே விழுந்தது. நான் பெருமாள் மாசத்து ஜீவன் என்று காவல் காத்த தட்டான். வாலால் தண்ணீர் குடிக்கிறது என்று நாங்கள் ரசித்தபோது அது முட்டையிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. சில நாளில் பொரித்து, தண்ணீருக்குள் தோலை உரித்து உரித்து வளர்ந்து, புரட்டாசி முழுக்கப் பசியோடு காத்துக் கிடந்திருக்கிறது. ஐப்பசி முதல் தேதி நான் கும்பிட்டுப் பந்தி வைத்திருக்கிறேன்.

கூட்டை ஒரு தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு மீன்குஞ்சு விற்றவரிடம் போனேன். அவர் எட்டிப் பார்த்தவுடனே கேட்டார். "தண்ணி நின்னு எத்தன நாள் கழிச்சு விட்டீங்க?"

"ஒரு மாசம் இருக்கும். புரட்டாசி..."

"அதான். ஒரு வாரத்துல விட்ருந்தா குஞ்சு முந்திக்கிரும், இது பொடிசா இருக்கும். நீங்க இத வளத்துல்ல விட்ருக்கீங்க!"

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் கொடுத்தும் உட்காரத் தோன்றவில்லை.

பின்வாசல் கதவைத் தட்ட எனக்கு உரிமை இல்லை. முன்வாசல் வழியாகத் தெருவைச் சுற்றிக்கொண்டு போய், அக்கா வீட்டுப் படிக்குக் கீழே நின்றேன். அவள் வலது கையில் துணி சுற்றியிருந்தாள். தீப்பெட்டியைத் திறந்து நீட்டி, நடந்ததையெல்லாம் அழுதுகொண்டே சொன்னேன். முழுக்கக் கேட்டாள். கூட்டைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"இந்தப் பூச்சியத்தான்டி அன்னைக்கு அரிச்சு எடுத்தோம்" என்றாள். "துணி அலசப் போனப்ப இது குஞ்சப் புடிச்சுத் திங்கிறத மகதான் மொதல்ல பாத்தா. சேலையில மாட்டுன வரைக்கும் அரிச்சுக் கொண்டாந்து கோழிக்குப் போட்டோம். சாயங்காலம் வந்து சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள உங்க வீட்டுக்காரரு தலையக் குனிஞ்சுக்கிட்டு வந்து சூடம்னு நிக்கிறாரு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்லக்கா!"

"சூடத்தக் கையில எடுத்தவகிட்ட என்னத்தச் சொல்ல? பதினெட்டு வருசமா என் சட்டியில தின்னவ நீ. எடுத்தியாக்கான்னு ஒரு வார்த்த என்கிட்ட கேட்டியாடி?"

தீப்பெட்டியை மூடினேன். அக்கா என்னைத் திட்டவில்லை, உள்ளே கூப்பிடவும் இல்லை. படிக்குக் கீழேயே நின்றுவிட்டு வந்தேன்.

மார்கழி பிறப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஊர் கூடியிருந்த கருப்பசாமி கோயிலில், நான் கேட்டது தப்பு என்று சத்தமாகச் சொன்னேன். பூசாரி ஒரே செம்பிலிருந்து இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்தார். அக்கா குடிப்பாளா என்று நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். குடித்தாள். எனக்காக இல்லை, மகளுக்காக என்று எனக்குத் தெரியும்.

தையில் அந்தப் பெண்ணுக்கு முகூர்த்தச் சேலை நான்தான் கட்டிவிட்டேன். மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து, "அம்மா சொல்லித்தான் சித்தி உங்கள வரச் சொன்னேன்" என்றாள். நான் மடிப்பை மறுபடி முதலிலிருந்து எடுத்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ புரட்டாசி வந்துபோய்விட்டது. குட்டையை அடுத்த கோடையிலேயே மூடிவிட்டோம். பின்வாசல் கதவு திறந்துதான் கிடக்கிறது, குழம்பும் வருகிறது. ஆனால் நான் அந்த வீட்டில் போய் உட்கார்ந்தால் அக்கா தண்ணீர் கொண்டுவந்து நீட்டும்போது, யார் இருந்தாலும் சரி, ஒன்று சொல்வாள்.

"பாத்துக் குடிடி. பூச்சி கீச்சி கெடக்கப் போகுது."

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். டம்ளரைப் பிடித்திருக்கும் அந்த உள்ளங்கையில், சூடம் சுட்ட இடம் ஒரு ரூபாய் அளவுக்கு வழவழவென்று இருக்கும். நான் டம்ளருக்குள் பார்ப்பதே இல்லை. வாங்கி, அப்படியே குடித்துவிடுவேன்.